யாருக்கு ருசித்த துவரை

பயறு ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து என் கணவர் குணசேகர் கொண்டுவந்த புதுத் துவரம்பருப்பை வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். சப்பென்று இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ரகத்தையும் யாராவது ஒருவர் நாக்குக்கென்றே வளர்த்தெடுக்கிற காலம் இது. அந்த ஒருவருக்குத்தான் அது ருசிக்கும். மற்றவர்களுக்கு வயிறு நிறையும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் இது யாருக்கு? வருஷக்கணக்காகக் காலையில் அவரோடு வயலில் குனிந்து, பூவுக்குப் பூ மகரந்தம் தடவுகிறவள் ரெஜினா. ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அதே பருப்பைப் பரிமாறிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ரெஜினா மெதுவாக மென்றாள். “அக்கா, ஊறுகாய் இருக்கா?” என்றாள்.

அவள் போனதும் கேட்டேன். “ஏங்க, அது யாரு நாக்குக்குப் பண்ணது?”

“உன்னோடதுக்குத்தான்.” அவர் முகம் வாடியிருந்தது. “நிச்சயதார்த்தத்தன்னிக்கு உன் நாக்குல பஞ்சு வச்சு மாதிரி எடுத்தோமே, அதை வச்சுத்தான். பிள்ளை பெத்தப்புறம் உன் நாக்கு மாறியிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை.”

இத்தனை வருஷமும் அவர் வெயிலில் குனிந்து நின்றது, நிச்சயதார்த்தத்தன்று நாக்கை நீட்டிய அந்தப் பட்டுப்புடவைக்காரிக்காக. ரெஜினாவாக இருந்திருந்தால் வீடு தேடிப் போய்ச் சண்டையாவது போட்டிருப்பேன். இவளை எங்கே போய்ப் பிடிப்பது?