எண்பது பக்கக் கொப்பி

பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கூட்டம் சேர்ந்தால் ஏமாற்றுவார்கள் என்றுதான் பேத்தி தர்ஷிகாவை இப்போதே வத்தேகமயிலிருந்து கண்டிக்குக் கூட்டி வந்திருக்கிறேன். ஜனவரியில் அவள் முதலாம் ஆண்டு. பளீல் முதலாளியின் கடையில் புதுக் கொப்பி வாசம் மூக்கை அடைக்கிறது. வாங்கவென்று எடுத்த ஊதாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிக்கிறாள். உள்ளே தகரப் பென்சில் பெட்டி கடகடக்கிறது. நான் விரலில் எச்சில் தொட்டு, யானைப் படம் போட்ட கொப்பியை எண்ணுகிறேன். ஐம்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துத் தராசில் எடை குறைப்பதைப் பார்த்தவன். எவன் சொல்லையும் நம்புவதில்லை. ஒரு தாள் குறைந்தாலும் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிடுவேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். அட்டையில் எண்பது என்று இலக்கம் போட்டிருக்கிறது. நாற்பதோடு தாள் முடிகிறது.

“பாதியக் காணோமே மொதலாளி. பையக் கழட்டு புள்ள, போவோம்.” குதிப்பு நிற்கிறது. “நல்லாப் பாருங்க பெரியவர், எல்லாம் சரியாத்தான் ஈக்கி” என்று பளீல் சிரிப்பை அடக்குகிறார். தர்ஷிகா பையைக் கழற்றவில்லை. எம்பி என் கையிலிருந்து கொப்பியைப் பிடுங்கி, முதல் தாளைப் புரட்டுகிறாள். “இங்கிட்டு ஒரு பக்கம். அங்கிட்டு ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் எழுதலாம் தாத்தா.” கொப்பியை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பின்பக்கத்திலும் கோடு போட்டிருக்கிறது. “சரி, அடுத்த கொப்பியக் குடுங்க மொதலாளி” என்கிறேன். “அத இவ எண்ணட்டும்.” தகரப் பெட்டி மறுபடியும் கடகடக்கிறது.