பெற்றவள் வேஷம்

ஹாலிவுட்டின் மலிவான கௌபாய் குதிரைப் படங்களில் ஒரு காலத்தில் கதாநாயகியாக இருந்தவள் ஓபல். அன்று அவளுக்கு முதல் தாய் வேஷம். சரிவருமா என்று ஒரு காட்சியை எடுத்துப் பார்த்தார்கள். மேக்கப் போட்டது நான். படத்தில் மகளாக வரும் கதாநாயகி அவளுடைய தங்கை நேடீன்.

"நரையை இன்னும் கொஞ்சம் தூக்கலா வை, மேபெல்," என்றாள் ஓபல்.

ஓடிப்போன மகள் திரும்பி வருகிறாள். தாய் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஓபல் அழுததில் விளக்குப் பிடித்தவனே மூக்கை உறிஞ்சினான்.

டைரக்டர் டோலன் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"அழுகையெல்லாம் சரிதாம்மா. ஆனா பெத்தவ மாதிரியே தெரியலையே! யாரும் நம்ப மாட்டாங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

நேடீன் ஓடிவந்து ஓபலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விடுக்கா! உன்னைப் போய் எனக்கு அம்மாவாப் போடப் பாத்தாங்களே, அவங்களைச் சொல்லணும்!"

சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்கு ஓடினாள்.

நரையைத் துடைக்க உட்கார்ந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பவாவது அவகிட்ட சொல்லித் தொலையேன்டி! கதாநாயகிக்குக் குழந்தை இருக்கறது தெரிஞ்சா படம் ஓடாதுன்னு, உன் பொண்ணைத் தங்கச்சின்னு பேப்பர்ல போட்ட அந்தப் பழைய கம்பெனியையே இழுத்து மூடியாச்சு. இன்னும் யாருக்குப் பயப்படறே?"

ஓபல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன், மேபெல். இப்ப டோலனே நம்பலையே... அவ நம்புவாளா?"