மாப்பிள்ளைச் சொதி

"தட்டிட்டுத்தான் உள்ள போகணும் மாமா" என்றான் ஞானதுரை. "இங்க அதான் சட்டம். அந்தந்த ரூம் அவங்கவங்க வீடு மாதிரி."

வீடு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

"இது ஆஸ்பத்திரி" என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.

செம்பூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பழைய பங்களா அது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிட்டவர்கள் அங்கே வந்து இருப்பார்கள். வீட்டு ஆட்களும் கூடவே தங்கிச் சமைத்துக்கொள்ளலாம். அறைக்கு ஒரு கட்டில், ஒரு பாய், ஜன்னலோரம் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். கதவில் நோயாளியின் பெயர். எப்போது வேண்டுமானாலும் பார்க்க வரலாம். உள்ளே இருப்பவர் வாங்க என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தட்டினேன்.

"வாங்கப்பா."

தங்கமயில் என் ஒரே மகள். தாராவியில் என் மளிகைக் கடைக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்த இந்த ஞானதுரையை, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனை, குர்லாவில் லேத் ஓட்டுகிறவனை, சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம் கட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இன்றுதான் அவள் குரலைக் கேட்கிறேன்.

அவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன். பிரம்மநாயகம் சொன்னால் சொன்னதுதான்.

இப்போது அவள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. அப்பா என் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சாப்பிட்டால் மகள் வீட்டில் கை நனைத்ததாகாது. சொன்ன சொல்லும் கெடாது. அப்படித்தான் வந்தேன்.

கட்டிலில் ஒரு போர்வை கிடந்தது. அதற்குள் அவள் இருந்தாள்.

ஞானதுரை இலை போட்டான். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய தலைவாழை. நுனி என் இடப்பக்கம் வர வேண்டும், வந்தது. முதலில் உப்பு, வைத்தான். குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை.

பிறகு சோற்றின்மேல் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றினான். ஓரத்தில் இஞ்சிப் பச்சடி.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. இவனுக்கு யாரும் வைக்காதது.

"நான் படுத்துக்கிட்டே சொல்லச் சொல்ல அவுகதான் வச்சாக" என்றாள். "மொதப் பால ஊத்திட்டுக் கொதிக்க விட்டுட்டாக பாருங்க. திரிஞ்சு போச்சு. திட்டித் தீத்துட்டேன்."

"மூணு தேங்கா போச்சு மாமா" என்றான் அவன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது.

"சாப்பிடுங்கப்பா."

ஞானதுரை தலைமாட்டில் போய் நின்று ஓலை விசிறியால் அவளுக்கு விசிற ஆரம்பித்தான். கட்டில் என் வலப்பக்கம். நான் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எடுத்த எடுப்பில் சோற்றில் கை வைத்தால், இதற்காகவே காத்துக் கிடந்தவன் போல ஆகிவிடும். துண்டைச் சரிசெய்தேன். இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தேன். கண்ணை மூடிச் சாமி பேரைச் சொன்னேன். வழக்கத்தைவிட நீளமாகவே சொன்னேன். காத்திருக்கட்டும்.

விசிறிச் சத்தம் நின்றது.

பரிமாற வருகிறான் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

நான் முதல் வாயை எடுத்து வைத்தேன்.

சொதி நன்றாக இருந்தது. காலமாகிவிட்ட என் மனைவி மீனாட்சியம்மாள் வைப்பது போலவே இருந்தது. அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாமா?"

அவன் குரல் நடுங்கியது. என்மேல் அவனுக்கு இருக்க வேண்டிய பயம்தான் என்று எண்ணிக்கொண்டேன். ஊற்றச் சொன்னேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். வாங்க என்று கட்டிலிலிருந்து குரல் வரவில்லை. அவன் எழுந்துபோய்க் கதவை லேசாகத் திறந்து, வெளியே நின்ற வெள்ளைச் சேலைக் கன்னியாஸ்திரிக்கு அப்புறம் என்று கை காட்டிவிட்டு வந்தான். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மோர் விட்டான். பிசைந்து சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிறகு இலையை என் பக்கமாக மடித்தேன். உறவு நிலைக்க வேண்டும் என்றால் அப்படித்தான் மடிப்பது. துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள். அவளுக்கு அது தெரியும். அவள் பார்க்க வேண்டும் என்றே மெதுவாக மடித்தேன்.

பார்க்கிறாளா என்று தலையைத் திருப்பினேன்.

அவள் கண்களை யாரோ மூடிவிட்டிருந்தார்கள். போர்வை கழுத்துவரை இழுத்து நேராக்கப்பட்டிருந்தது. தலையணை ஓரத்தில் விசிறி.

"இலைக்கு முன்னால இருக்கவுகள எழுப்பக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கா மாமா" என்றான் ஞானதுரை.

நான் கேட்டேன்.

"நான் சாப்பிட்டதப் பாத்தாளா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தான்.

"பாத்தா மாமா. நீங்க மொத வாய் வச்சத நல்லாப் பாத்தா. அதுக்கப்புறந்தான்."

விசிறி நின்றபோது நான் கண்ணை மூடியிருந்தேன். சோற்றில் அப்போது கை பட்டிருக்கவில்லை.

என் முகத்துக்கு நேரே பொய் சொன்ன எவனையும் நான் விட்டதில்லை.

அவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கையை நீட்டினேன்.

"ஊத்துங்க மாப்ள" என்றேன்.