காலியாகத் தெரிந்த தரை

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் நரம்பு நசிந்து, ஜெரால்டுக்குப் பார்வையின் கீழ்ப்பாதி போயே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுக் கண்ணாடி, அந்தப் பாதியில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை வரைந்து காட்டும். ஒரு வருடமாக அவன் எதிலும் தடுக்கி விழுந்ததில்லை.

இன்று கஞ்சி வடிப்பதற்காகக் கொதிக்கும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

"ஏங்க, அசையாதீங்க!" வாசலில் இருந்து மனைவி ஷைனி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா! உங்க காலடியிலதான் கெடக்கா!"

ஜெரால்ட் குனிந்து பார்த்தான். பானை விளிம்புக்குக் கீழே, காலையில் துடைத்த தரை பளிச்சென்று தெரிந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லியே ஷைனி?"

பிடிதுணியைத் தாண்டிச் சூடு விரல்களில் ஏறியது. அந்த வெறுந்தரை அவன் கால் பெருவிரலைப் பற்றிக்கொண்டு கெக்கலித்துச் சிரித்தது.