எந்த வீடு?

அளவு நாடாவும் கையுமாகத் தன் வீட்டு மதில் ஓரம் குனிந்திருந்த தையற்காரரின் சட்டைக் காலரை, பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார் தெருச் சங்கத் தலைவர்.

"வசமா மாட்டினியா! யாருக்காகய்யா அளக்கறே?"

"விடுங்க சார், கழுத்து இறுகுது! கேட் துருப்பிடிச்சு உதிருது, புதுசு மாட்டலாம்னு அளக்கறேன். தையக்காரன் கையில நாடா இல்லாம வீணையா இருக்கும்?"

தலைவர் நம்பவில்லை. அந்த வாரம் அவர் தன் சொந்த நிழலையே திரும்பிப் பார்த்து, "யார்றா நீ?" என்று அதட்டியிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. தனித்தனி வீடுகள் மட்டுமே இருந்த அந்தத் தெருவில் இனி எட்டு மாடி வரை கட்டலாம் என்று நகராட்சி அனுமதி கொடுத்திருந்தது. ஒரே ஒரு வீடு கிடைத்தால் போதும், மறுநாளே இடிக்கத் தயார் என்று ஒரு பில்டர் அலைந்துகொண்டிருந்தார். கிடைத்தும் விட்டதாம். எந்த வீடு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"ஒரு வீடு விழுந்தா தெருவே விழுந்த மாதிரி! வெயில் போச்சு, காத்து போச்சு, குழாயில தண்ணி போச்சு. எட்டாவது மாடிக்காரன் நம்ம சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்ப்பான்!" என்று தலைவர் முழங்கியதில், தெரு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்தது.

துரோகியைப் பிடிக்க அவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். விற்கப் போகிறவன் வீட்டுக்குச் செலவு செய்யமாட்டான். ஆகவே, வெள்ளையடிக்காத சுவருக்குச் சொந்தக்காரர் எல்லாம் குற்றவாளி. மாடிக் குழாய் ஒழுகுவதைக் கண்டுகொள்ளாத பல் டாக்டர் மகா குற்றவாளி.

"நான் புது கேட்டே போடறேனே சார்?" என்றார் தையற்காரர், காலரை நீவிக்கொண்டே.

"கண்ணுல மண்ணைத் தூவறதுக்கும் செலவு பண்ணுவான்யா மனுஷன்!"

தலைவர் வீடு திரும்பியபோது, அவர் மனைவி வாசல் ஓரத்து ரோஜாச் செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்துத் தொட்டிகளில் நட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு இந்த வேலை?"

"குனிஞ்சு களை எடுக்க முட்டி விடலைங்க. தொட்டின்னா வேணுங்கற இடத்துக்குத் தூக்கிட்டுப் போலாம்."

"அதுவும் சரிதான். சாயங்காலம் மாடியில கூட்டம். எல்லாருக்கும் டீ."

"கீழேயே வெச்சுக்கக் கூடாதா?"

"சுவருக்கும் காது உண்டுடி! கீழ பேசினா ஜன்னல் வழியா பில்டர் காதுக்கே போயிடும்!"

அது மாமனார் தம் ஒரே மகளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு. அடுப்படி கீழே, மற்றதெல்லாம் மேலே. கல்யாணமான நாள்முதல் அந்த அம்மாள் டீத்தட்டோடு ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நிலாவுக்குப் போய் அங்கே இருக்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு கோப்பை கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

சாயங்காலம் மாடி ஹாலில் தெருவே திரண்டது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் பார்த்தபடி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா எழுந்து சத்தியம் பண்ணுங்க. வீட்டை விக்க மாட்டேன்னு!" என்றார் தலைவர்.

தையற்காரர் தன் தையல் மிஷின்மேல் சத்தியம் செய்தார். பல் டாக்டர், "என் ஒழுகற குழாய்மேல சத்தியம்" என்று கடுப்போடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒருவர் பாக்கியில்லை. கடைசியாகத் தலைவர் எழுந்தார்.

"என் உடம்புல உயிர் இருக்கற வரைக்கும் இந்த வீட்டு செங்கல் ஒண்ணுகூட அசையாது! இது சத்தியம்!"

கைதட்டல் அடங்கியதும் தையற்காரர் மெல்லக் கேட்டார். "எல்லாரும் பண்ணியாச்சு. அப்ப துரோகி யாரு சார்?"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு பேர் நிலம் அளக்கும் கருவியும் அதை நிறுத்தும் முக்காலியுமாக இறங்கினார்கள். கூட்டம் மொத்தமும் பால்கனிக்குப் பாய்ந்தது.

"பில்டர் ஆளுங்க! எந்த கேட்டைத் திறக்கறாங்கன்னு பாருங்க, குட்டு உடையப் போகுது!" தலைவருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

மஞ்சள் தொப்பிகள் பல் டாக்டர் வீட்டைத் தாண்டின. சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டதுபோல் பெருமூச்சு விட்டார் டாக்டர். தையற்காரர் வீட்டையும் தாண்டின. நேராகத் தலைவர் வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்து, ரோஜாச் செடி இருந்த இடத்தில் வாகாக முக்காலியை ஊன்றின.

"என்ன திமிர்! என்னையே மிரட்ட வந்திருக்கானுங்க!" என்று தலைவர் உறுமினார்.

பின்னால் டீக்கோப்பைகள் கிணுகிணுத்தன. ஒரு கையில் தட்டும் மறு கையில் சுவருமாக ஏறி வந்த அவர் மனைவி, கடைசிப் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மிரட்ட இல்லைங்க, அளக்க. நான்தான் வரச் சொன்னேன்."

தெரு மொத்தமும் திரும்பித் தலைவரைப் பார்த்தது. தலைவருக்குக் குரல் நூலாகிவிட்டது.

"அடியே, நான் இப்பத்தான் சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"நீங்க பண்ணினீங்க. வீடு என் பேர்ல இருக்கு, என்னை யாருமே கூப்பிடலையே" என்றபடி, அந்த அம்மாள் முட்டியை நீவிக்கொண்டு முதல் கோப்பையை அவரிடம் நீட்டினார்.

"நமக்கு எட்டாவது மாடிங்க. லிஃப்ட் இருக்கு!"