பொன்னம்மை அக்காவின் பூசாரி

"எக்கா, என் உயிரு இனி உன் கையிலதான். கைவிட்டிராத" என்று உமாசங்கர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். குரல் நிஜமாகவே நடுங்கியது.

"கைய விடுலே, மாவு ஒட்டும்" என்றாள் பொன்னம்மை. வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பயப்பட வேண்டாம், இது ஆஸ்பத்திரி இல்லை. கரமனையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அதன்மேல் காகிதம், பென்சில், இருபது முகமுள்ள பகடை, ஆளுக்கொரு சின்னப் பொம்மை, டிராகனுக்கும் ஒன்று.

இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் நடக்கிற விளையாட்டு. உமாசங்கர் அதில் வாள்வீரன், அவன் சிநேகிதி ஆர்யா வில்லாளி. கதையை நடத்துகிறவன் பக்கத்து வீட்டுத் தாணுமாலயன். மலைக்குகையில் இருக்கிற டிராகனைக் கொன்றால் ஜெயம். மூன்று தடவை போய், மூன்று தடவையும் ஓட்டமாக ஓடிவந்திருக்கிறார்கள்.

நாளைக்கு உமாசங்கர் வேலைக்காகப் பெங்களூர் போகிறான், அதனால் ஆட்டம் இன்றோடு முடிகிறது. வீரன் செத்தால் அவன் பலமெல்லாம் எழுதிவைத்த காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன், பாவம். காயம் ஆற்றுகிற பூசாரியாக ஆடிய ஷாஜியோ போன வாரம் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். வேறு வழியில்லாமல்தான் அக்கா.

இதுவரை அக்காவின் பங்கு டீயும் பழம்பொரியும் மட்டுமே. ஒருநாள் "நானும் ஆடட்டாலே?" என்று ஆசையாகக் கேட்டாள். "இதெல்லாம் உனக்கு மண்டையில ஏறாது எக்கா, நீ டீ கொண்டா" என்றான் இதே தம்பி. சொன்னவனுக்கு அது மறந்துபோயிற்று.

"பூசாரிக்கு விவேகம்தான் முக்கியம், பெரிய நம்பர அதுல போடு" என்று இப்போது பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். "அடுத்தது ஒடம்புத் தெம்பு. இரும்புக் கவசம், கேடயம் ரெண்டும் வேணும். பின்னால ஒளிஞ்சு நிக்கப்பிடாது. சின்னக் காயத்துக்கெல்லாம் மந்திரத்த வீணாக்காத, ஆளு விழுந்தா மட்டும் எழுப்பு. கேட்டியா?"

"கேட்டேன். எந்தச் சாமிக்குப் பூசாரி?"

"எந்தச் சாமியா இருந்தா என்ன? மந்திரம் பலிச்சா போரும்."

நாஞ்சில் நாட்டுக்காரன் வாயில் வருகிற பேச்சா இது! பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட, எந்த ஊர், குலதெய்வம் எது என்று விசாரிக்காமல் டிக்கெட் எடுக்காத குடும்பம்.

அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் சாமியின் பெயரை எழுதித் தாணுமாலயனிடம் நீட்டினாள். படித்தவனுக்கு டீ மூக்கில் ஏறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்லும் அக்கா. சட்டத்துல இடமிருக்கு" என்றான்.

ஆட்டம் தொடங்கியது. அக்கா ஆடியது ஆட்டமா அது, அமர்க்களம்!

ஆற்றுப்பாலத்தில் கொள்ளைக்காரர்கள் வளைத்தபோது கேடயத்தோடு முன்னால் பாய்ந்தாள். உமாசங்கர் அடிபட்டு விழுந்த மறுநொடி மந்திரம் போட்டு எழுப்பினாள். பகடை உருட்டினால் இருபது, மறுபடி உருட்டினால் மறுபடியும் இருபது. ஆர்யா நாற்காலிமேல் ஏறி நின்று, "சேச்சி, அடிபொளி!" என்று கூவினாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மணியடித்துவிட்டுப் போனார்.

குகை வாசல் வந்தது. வில்லாளிக்கு முழங்காலில் சிராய்ப்பு, வீரனுக்குத் தோளில் ஒரு கீறல்.

"எல்லாரும் ஓடையில குளிச்சிட்டு வாங்க" என்றாள் அக்கா. "நெத்தியில சந்தனம் வச்சு விடுகேன். காயத்தக் காட்டு, ஆத்துகேன்."

"எக்கா, இதுக்குப் போயி மந்திரமா? டிராகனுக்கு மிச்சம் வை!"

"ஒரு கீறலு இருக்கப்பிடாது. உள்ள போகும்போ முழுசா இருக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். "பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைக்கதுக்கே, தட்டிப் பாத்து, திருப்பிப் பாத்துதான் நான் வாங்குவேன். தெரியும்லா?"

மிச்சமிருந்த மந்திரம் அத்தனையையும் கொட்டிக் கடைசிச் சிராய்ப்புவரை ஆற்றிவிட்டாள். இப்படிப்பட்ட அக்காவையா இரண்டு வருஷம் அடுப்படியில் உட்கார வைத்தோம் என்று உமாசங்கருக்கு வெட்கமாக இருந்தது.

"எக்கா, அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சிராத."

"அதையெல்லாம் யாருலே நெனச்சிட்டிருக்கா? உள்ள நட."

குகைக்குள் இருட்டு. தாணுமாலயன் குரலைத் தாழ்த்தி, "டிராகன் ஒரு கண்ணத் திறக்குது... இப்போ ரெண்டாவது கண்ணு..." என்றான். சிரிப்பை அடக்க அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"எக்கா, ஆசீர்வாதம்! சீக்கிரம்!" என்று உமாசங்கர் கத்தினான்.

அக்கா பூசாரி பொம்மையை எடுத்தாள். வீரனையும் வில்லாளியையும் தாண்டிக் கொண்டுபோய் டிராகனின் காலடியில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, கண்ணை மூடி, கைகூப்பினாள்.

"சாமி, படையல் கொண்டுவந்திருக்கேன். ஒரு கீறலு கிடையாது."