கீழ்வீட்டுப் பாட்டு

இரண்டாம் மாடி வீட்டுக் கதவில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றிருந்தார் அவர். கக்கத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலம். பார்க்கிறவர்கள் திருடன் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். நல்லவேளை, படியில் யாரும் இல்லை.

உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. காதை இன்னும் அழுத்திப் பார்த்தார்.

அந்தக் குடியிருப்பில் அவருக்குக் 'காது டாக்டர்' என்று பெயர். நிஜ டாக்டர் இல்லை. காது கேட்கிறதா என்று சோதித்துக் கருவி பொருத்துகிறவர். நாள் முழுக்க "பீப் கேக்குதா? இப்போ கேக்குதா?" என்று கத்திவிட்டு வருகிறவர் என்பதால், வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டார். பதினெட்டு வருஷமாக மனைவியும் அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

வினை மாடிப்படியில் வந்தது. தினமும் ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஏறும்போது ஏதோ பழைய பாட்டு, ஒரு பெண் குரல், இரண்டாம் மாடி வரை துரத்திக்கொண்டு வரும். மூன்றாம் மாடிக்குப் போய்த் தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் மூச்சுக் காட்டாது. ஆகவே இது கீழ்வீட்டுக் கேப்டன் வேலைதான் என்று தீர்ப்பெழுதினார். கேப்டன் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிற மனிதர்.

"நாளைக்கே குடியிருப்போர் சங்கத்துல புகார் எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றார் சாப்பிடும்போது.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "எழுதிக் கொடுக்கறதெல்லாம் வேணாமே. யாரோ ஆசையா கேக்கறாங்க."

"ஆசைன்னா மெதுவா வெச்சுக் கேக்கட்டும். கேப்டன் வீடுதான். காதை வெச்சுப் பொழைக்கிறவன் நான், சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

எழுதிக் கொடுத்தார். சங்கச் செயலாளர் வெளியூர் போயிருந்ததால் கடிதம் பிரிக்கப்படாமலே கிடந்தது. ஆனால் பாட்டு மறுநாளே நின்றுவிட்டது. எப்படியோ கேப்டனுக்குத் தகவல் போயிருக்கும், மனுஷன் ரோஷக்காரர் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் ஜெயித்த மிதப்பில் போனது. எட்டாம் நாள் ஒரு பெரியவருக்குக் கருவி மாட்டும்போது, தன் வாயே அந்தப் பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டார். அன்று சாயங்காலமே பழைய இசைத்தட்டுக் கடைக்குப் போய், வெட்கத்தை விட்டுப் பாடிக் காட்டினார்.

கடைக்காரர் சிரித்தார். "இது வந்து நாப்பது வருஷமாச்சு சார். இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

மொத்தம் மூன்று ஆல்பங்கள். அட்டையில் அரைக்கண் மூடிய பாடகி, பக்கத்தில் ஒரு வயலின்காரர். கடைக்காரர் பாட்டுகளைப் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தார்.

மதிய இடைவேளைகளில், காது சோதிக்கிற சத்தம் புகாத அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படியில் பாதிப் பாதியாகக் கேட்ட பாட்டுகளுக்கெல்லாம் தலையும் வாலும் கிடைத்தன. இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் வயலின் நின்றுபோய்க் குரல் மட்டும் தனியாக நாலு வரி நடக்கும். அந்த இடம் வந்தால் அவருக்குத் தினமும் கண் கலங்கியது.

"உங்களுக்கே டெஸ்டா சார்?" என்று எட்டிப் பார்த்தார் வரவேற்பில் இருக்கும் அம்மாள்.

"ஆமாம்மா. சுத்தமா ஃபெயில்."

கேட்கக் கேட்கக் குற்ற உணர்வு ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு நல்லதையா தொல்லை என்று எழுதினோம்? ஒண்டிக்கட்டையாக இருக்கிற மனிதருக்கு இருந்த ஒரு துணையையும் பிடுங்கிக்கொண்டோமே என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சட்டம் போட்டவரே திருட்டுத்தனமாகப் பாட்டுக் கேட்கிறார் என்று தெரிந்தால் மானம் என்னாவது?

அதனால்தான் இந்தப் பொட்டலம். கேப்டன் காலில் விழுந்தாவது அந்தப் பாட்டைத் திரும்ப ஒலிக்க வைத்துவிட வேண்டும்.

திடீரென்று கதவு திறந்தது. காது டாக்டர் கேப்டனின் தோளில் சாயாத குறை.

"என்ன தம்பி, மணி அடிக்கக் கூடாதா?"

"மன்னிச்சிடுங்க சார். பாட்டுச் சத்தம் தொல்லையா இருக்குன்னு உங்க மேல சங்கத்துல எழுதிக் கொடுத்தது நான்தான். புத்தி கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன்."

"என் மேலயா?" என்றார் கேப்டன்.

காது டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து ஆல்பங்களை அவர் கையில் திணித்தார். "இது உங்களுக்குத்தான். இனிமே தாராளமா சத்தமா போடுங்க சார். நான் படியில நின்னாவது கேட்டுக்கறேன்."

கேப்டன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாடினது இந்தம்மாவா? முகத்தை இப்பதான் பாக்கறேன். ஆனா இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? என்கிட்ட ஒரு ரேடியோகூடக் கிடையாதே."

"அப்போ... தினமும் சாயங்காலம்..."

"நாலு மணியானா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டு நானும்தான் கேட்டுட்டு இருந்தேன். ஆறு மணிக்கு டக்குனு நின்னுடும்."

கேப்டன் ஆல்பங்களை அவரிடமே திருப்பி நீட்டினார்.

"நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன் தம்பி, உங்க வீட்டம்மா ஏன் இப்பல்லாம் பாட்டே போடறதில்ல?"